தரம் பிரித்தல்

சனிக்கிழமை ஐந்தரைக்குக் கம்பெனி
எங்களுக்கு மிருகங்களைக் கற்றுக்கொடுக்கிறது.
ஜெராக்ஸ் கடை மாடி. இரண்டு ஃபேன், ஒன்று ஓடும்.
அடுத்த மாதம் ஜெர்மனியிலிருந்து ஆடிட்டுக்கு வருகிறார்கள்,
சூப்பர்வைசர்கள் நாலு வார்த்தையாவது
இங்கிலீஷ்காரர் மாதிரி பேச வேண்டுமாம்.
வாத்தியார் முபஷிருக்கு இருபத்து மூன்று வயது,
என் மூத்தவளோடு படித்தவன்.
மேடம் என்பான். தப்புச் சொன்னால் அவன்தான் வெட்கப்படுவான்.

முதல் வாரம் மழை.
நாயும் பூனையுமாகப் பெய்யும் என்றான்.
பேரணாம்பட்டில் அது எலியாகப் பெய்தே
எட்டு மாதம் என்றாள் குணவதி.
ஒரே கல்லில் நமக்கு ரெண்டு மாங்காய்,
அவர்களுக்கு ரெண்டு பறவை.
மாங்காய்க்கு வலிக்காது என்றதும் அவள்தான்.

குதிரைகளைப் பிடித்து வை என்றால், கொஞ்சம் பொறு.
குதிரை வாயாலேயே கேட்டேன் என்றால், நம்பலாம்.
செத்த குதிரையை அடிக்காதே என்றால்
முடிந்துபோனதில் எதையும் தேடாதே.
ஏசுபாதம் கையைத் தூக்கினார்,
இருபத்தாறு வருஷமாக டிரம் ஓட்டுகிறவர்.
"தம்பி, செத்த ஆட்லதான் நாம எல்லாரும் சோறு துன்றோம்."

குடியாத்தம் பஸ்ஸில் நின்றுகொண்டே மனப்பாடம் செய்தேன்.
பையிலிருந்து பூனையை விட்டுவிட்டாயா என்று
வீட்டுக்காரரிடம் ஒத்திகை பார்த்தேன்.
பையில் எதுக்குப் பூனை என்றார்.

பிறகு ஆட்டுத்தோல் போர்த்திய ஓநாய்.
நம்மிடம் பசுத்தோல், புலி, அவ்வளவுதான் வித்தியாசம் என்றான்.
எனக்கு அது அவ்வளவுதான் இல்லை.
செம்மறியா, வெள்ளாடா? மயிரோடா, எடுத்ததா?
எத்தனை சதுர அடி?
ஒரு ஓநாய்க்கு ரெண்டு தோலாவது வேண்டும், தையல் தெரியும்,
மற்ற ஆடுகளுக்குக் கண்ணில்லையா என்று கேட்டேன்.
முபஷிர் நோட்டில் எதையோ அடித்தான்.

மூன்றாம் வாரம் அறைக்குள் யானை.
எல்லார் கண்ணிலும் படும், ஒருவரும் வாய் திறக்கமாட்டார்.
தபசும் ஒப்புக்கொள்ளவில்லை.
போன தை மாதம் ஆந்திரக் காட்டிலிருந்து
அவள் அண்ணன் வாழைத் தோப்புக்கு வந்ததே,
தகரம் தட்டி, வெடி போட்டு,
விடிய விடிய ஊரே அதைத்தானே பேசியது?
"சரி, வேற சொல்லுங்க. நம்ம ஊர்ல
எல்லாருக்கும் தெரிஞ்சு, யாருமே பேசாதது."

ஃபேன் ஓடியது.
ஜன்னல் மலட்டாற்றுப் பக்கம் திறந்திருந்தது.
காற்று வந்ததும் தபசும் துப்பட்டாவை மூக்குவரை இழுத்தாள்.
ஏசுபாதம் தன் நகங்களைப் பார்த்தார். நீலம்.
மூலையில் இருபது லிட்டர் தண்ணீர் கேன்
தனக்குள் ஒரு குமிழி விட்டது.
முபஷிர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினான்.
அடுத்தது தேனீ என்றான்.

வந்தவள் என் வயசுக்காரி.
வெயிலில் கழுத்து சிவந்திருந்தாள்.
நாக்கில் ஐம்பது மிருகம் கட்டி வைத்திருந்தேன்,
ஒன்றுகூட அவிழவில்லை.
மேஜைமேல் கிடந்த கருப்புத் தோலில்
ஓரிடத்தில் விரலை வைத்து
என்ன இது என்றாள்.

இடது விலா. விரற்கடை நீளம்.
உண்ணி கடித்தால் புள்ளி விழும்.
சூடு போட்டால் வட்டம்.
அறுக்கிற கத்தி பட்டது ஆறியிருக்காது.
இது வேலிக்காத்தான் முள்,
குட்டியில் கிழித்து
உடம்போடு சேர்ந்து வளர்ந்த கோடு.
முபஷிர் கொடுத்த தாளில் இதற்கு வரி இல்லை.
ஆடு என்றேன். வேலி என்றேன்.
கையைத் தாவவிட்டுக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் தோலையே பார்த்தவள்
வேலிக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது என்று கேட்டாள்.

மல்லாட்டை, என்றேன், வேறெப்படிச் சொல்வது.
அவள் அதை ஆடிட் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்,
எந்த எழுத்தில் எழுதினாளோ.

மூன்றாம் தரம் என்று சீல் குத்தி
அடுத்த தோலை விரித்தேன்.